மணமகள் தேடிய காண்டாமிருகம்

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகளில் 'மணமகள் தேவை' விளம்பரங்களைப் படித்துப் பழகியவர் நாம். வயது, உயரம், உத்தியோகம் ஆகியன அங்கு முறைப்படி வரும். 2017 ஏப்ரலில் நண்பரொருவர் என் கைத்தொலைபேசிக்கு அத்தகைய குறிப்பொன்றை அனுப்பினார். மணமகனின் உயரம் ஆறடி; நிறை 5,000 இறாத்தல்; உணவு புல்; விருப்பம் சேற்றிற் கிடத்தல்.

நகைத்தேன். நகைப்பு அடங்கிய பின்னரே முழுவதையும் படித்தேன்.

மணமகன், கென்யாவின் ஒல் பெஜெட்டா வனவிலங்குக் காப்பகத்தில் வாழ்ந்த சூடான் என்னும் வடக்கு வெள்ளைக் காண்டாமிருகம். உலகில் அவ்வினத்தின் எஞ்சிய ஒரே ஆண். இலாபநோக்கற்ற அக்காப்பகத்தார், இளைஞர் துணை தேடும் டின்டர் செயலியில் அதற்கொரு பக்கம் திறந்து, 'உலகிலேயே மிகத் தகுதிவாய்ந்த பிரமசாரி' என்று பட்டமும் சூட்டினர். பாட்டனாகிவிட்ட ஒன்றைப் பிரமசாரி என்றது விளம்பரக்காரரின் துணிவு! எஞ்சிய பெண்கள் இரண்டே: நாஜின் அதன் மகள், ஃபாத்து பேர்த்தி. படத்தை விரும்பி விரலால் வலப்புறம் தள்ளியவருக்கு நன்கொடைக்கு வழி காட்டப்பட்டது. வேண்டிய தொகை ஏறத்தாழ 90 இலட்சம் டொலர்; சோதனைக் குழாயிற் கருவை உருவாக்கித் தெற்கு வெள்ளைக் காண்டாமிருகத்தின் வயிற்றில் வளர்க்கும் ஆராய்ச்சிக்காக. வந்து குவிந்தோரைத் தாங்காது காப்பகத்தின் இணையத்தளம் சிறிது நேரம் செயலிழந்தது.

இதை மலிவான வித்தை என்று இகழ்ந்தோரும் உளர். நான் இகழேன். ஒரு முகத்தையும் ஒரு பெயரையும் காட்டினாலன்றி நாம் மடியவிழ்ப்பதில்லை என்பதைக் காப்பகத்தார் அறிந்திருந்தனர். 1960 அளவில் இவ்வினத்தில் ஏறத்தாழ 2,000 இருந்தன. 1980களின் நடுவில், கொங்கோவின் கரம்பா பூங்காவில் எஞ்சியவை 15 அளவில். கொம்புக்காகக் கொல்லப்பட்ட அவற்றில் ஒன்றின் பெயரையேனும் நம்மில் எவர் அறிந்தோம்? 'கடைசி ஆண்' என்ற சிறப்பு அன்று அவற்றுக்கு வாய்த்திருக்கவில்லை.

என்னைப் பற்றியும் சொல்லிவிடவேண்டும். அக்குறிப்பை நால்வருக்கு அனுப்பினேன். நன்கொடைப் பக்கத்தைத் திறந்தேனல்லேன். பகிர்ந்ததே உதவி என்று மனம் அமைதி கொண்டுவிட்டது.

2018 மார்ச் 19 இல், முதுமையின் நோய்கள் முற்றிய நிலையில், மருத்துவர் சூடானின் வேதனையை முடித்துவைத்தனர். வயது 45. காவலர் ஒருவர் தம் நெற்றியை அதன் தலையிற் சாய்த்திருக்கும் படம் உலகெங்கும் பரவியது. அன்று நானும் சிறுதொகை அனுப்பினேன். பிந்திய காசு.

ஆராய்ச்சி நிற்கவில்லை. 2019 ஓகஸ்டில் நாஜினிடமும் ஃபாத்துவிடமும் 10 கருமுட்டைகள் எடுக்கப்பட்டன. 2021 இல் முதுமை கருதி நாஜினை இப்பணியிலிருந்து விலக்கினர். 2024 ஜனவரியில் ஒரு செய்தி வெளியாயிற்று. பரீட்சார்த்தமாகத் தெற்கு இனத்துக் கருவொன்றை அவ்வினத் தாயிடம் வைத்தபோது அது 70 நாள் வளர்ந்திருந்தது. தாய் கிருமித்தொற்றால் இறந்தபின், 6.4 சென்ரிமீற்றர் நீளமான ஆண் கரு அதன் வயிற்றிற் காணப்பட்டது.

இச்செய்தியையும் அதே நால்வருக்கு அனுப்பினேன். அதில் நகைப்பதற்கு ஒன்றுமில்லை, படமும் இல்லை. மூவரிடமிருந்து பதிலில்லை. நாலாமவர் மட்டும் மறுநாள் எழுதியிருந்தார்: "சூடான் சுகமாய் இருக்கிறதா?"