அப்பாவோட பயம்: பார்க்கின்சனும் பதற்றமும்

இந்த வாரம் வடக்குப்பட்டுல இருந்து ஒரு நேயர் அனுப்பின குரல் பதிவோட ஆரம்பிக்கலாம். ஒரகடத்துல ஒரு ஃபேக்டரியில ஷிஃப்ட் வேலை. அப்பாவுக்கு நாலு வருஷமா பார்க்கின்சன். "கை நடுங்குறது பழகிடுச்சு. ஆனா மத்தியானம் ஒரு மணி ஆனா நெஞ்சு படபடக்குது, வேர்க்குது, என் கையைப் பிடிச்சுக்கிறார். அப்பதான் கம்பெனி பஸ் வரும். 'தைரியமா இருங்கப்பா'ன்னு நேத்து கத்திட்டேன்."

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். இது தைரியம் சம்பந்தப்பட்ட விஷயம் இல்ல.

பயமும் நோயோட ஒரு பகுதிதான்

1817-ல் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்த நோயை 'நடுக்கு வாதம்'ங்கற பொருள்ல பேர் வச்சு எழுதினார். அதனால நம்ம கவனமெல்லாம் நடுக்கத்து மேலயே இருக்கு. மூளையில டோபமைன் குறையறது உண்மை. கூடவே செரட்டோனின், நார்அட்ரினலின் மாதிரி மனநிலையைப் பார்த்துக்கிற ரசாயனங்களும் பாதிக்கப்படுது. சுமாரா மூணுல ஒருத்தருக்குப் பதற்றக் கோளாறு இருக்கு. சிலருக்கு நடுக்கம் வர்றதுக்குப் பல வருஷம் முன்னாடியே அது தொடங்கிடும்.

அந்த ஒரு மணிக் கணக்கையும் கவனிங்க. லீவோடோபா மாத்திரையோட வேகம் இறங்கி, அடுத்த வேளைக்கு முன்னாடி வர்ற இடைவெளியில பலருக்குப் பதற்றம் ஏறும். அதனால ஒரு வாரம் நோட்டுல ரெண்டே விஷயம் எழுதுங்க: மாத்திரை போட்ட நேரம், படபடப்பு வந்த நேரம். அதை நரம்பியல் டாக்டர்கிட்ட காட்டுங்க. மருந்து நேரத்தை மாத்தினாலே சிலருக்குப் பாதி பிரச்சனை தீரும். நீங்களா மாத்தாதீங்க.

யோகா உதவுமா?

ஹாங்காங்கில் நடந்த ஒரு ஆய்வு 2019-ல் வெளியாச்சு. லேசான, நடுத்தர நிலையில இருந்த 138 பேரை ரெண்டு குழுவாப் பிரிச்சாங்க. ஒரு குழுவுக்கு மூச்சுப் பயிற்சி, தியானம் சேர்ந்த யோகா. இன்னொண்ணுக்கு உடலை நீட்டி மடக்கி வலுவாக்குற சாதாரண உடற்பயிற்சி. 8 வாரம் முடிஞ்சப்ப உடல் இயக்கத்துல ரெண்டு குழுவும் கிட்டத்தட்ட ஒரே அளவு முன்னேற்றம். ஆனா பதற்றமும் மனச்சோர்வும் யோகா குழுவுலதான் அதிகமா குறைஞ்சது. 20-வது வாரத்துலயும் அந்த வித்தியாசம் இருந்தது.

உடம்பு அசையறது மட்டும் இல்லாம, அசையும்போது மூச்சையும் உடம்பையும் கவனிக்கப் பழகினதுதான் அந்தக் குழுவோட கூடுதல் விஷயம். படபடப்பு வரும்போது "ஐயோ, என்னமோ ஆகப்போகுது"ன்னு ஓடற மனசு, "இது வந்துட்டுப் போயிடும்"னு நிக்கக் கத்துக்குது.

வீட்டுல எப்படி?

கை வச்ச உறுதியான நாற்காலியில உட்கார வைங்க. ரெண்டு பாதமும் தரையில. மூக்கால மெதுவா மூச்சை இழுத்து, அதைவிட நீளமா விடச் சொல்லுங்க. நீங்களும் கூட உட்கார்ந்து செய்யுங்க. படபடப்பு இல்லாத நேரத்துல தினமும் பத்து நிமிஷம் பழகினாதான் தேவைப்படும்போது கை கொடுக்கும்.

வாசப்படியில கால் ஒட்டிக்கிட்டா இழுக்காதீங்க. பதற்றம் கூடினா கால் இன்னும் உறையும். நின்னு, ஒரு மூச்சு விட்டு, "ஒண்ணு, ரெண்டு"ன்னு தாளம் போட்டா அடி எடுத்து வைக்க வரும்.

தலைகீழ் ஆசனம், சட்டுன்னு எழுந்திருக்கறது வேண்டாம். இந்த நோய்லயும் மருந்துலயும் நிக்கும்போது ரத்த அழுத்தம் இறங்கி விழுந்துடலாம். முறையா கத்துக்கணும்னா சென்னை அரும்பாக்கத்துல அரசு யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரி இருக்கு. நோயைச் சொல்லிட்டுத் தொடங்குங்க.

இது மாத்திரைக்குப் பதில் இல்ல. தூக்கமே போச்சு, சாப்பாடு இறங்கலைன்னா மனநல சிகிச்சையும் தேவை. 14416, டெலி மானஸ், இலவசம், எந்த நேரமும் தமிழ்ல பேசலாம். நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ புதுசா வந்தா, பதற்றம்னு நீங்களே முடிவு பண்ணாம உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க.

வடக்குப்பட்டு தம்பி, கத்தினதை நினைச்சு ரொம்ப வருத்தப்படாதீங்க. இன்னைக்கு பஸ் வர்றதுக்குப் பத்து நிமிஷம் முன்னாடி அப்பா பக்கத்துல உட்காருங்க. "பயப்படாதீங்க"ன்னு சொல்ல வேண்டாம். "இது மாத்திரை இறங்கற நேரம்பா, சேர்ந்து மூச்சு விடலாம்"னு சொல்லிப் பாருங்க.