சுருள்வில் வென்ற பந்தயம்

மோட்டார் சைக்கிள் பந்தயத்தைப் பற்றிப் பேச ஓய்வுபெற்ற தலைமையாசிரியன் ஒருவன் வந்திருக்கிறானே என்று நீங்கள் வியக்கலாம். நான் அவ்வண்டியை ஓட்டியவன் அல்லன். என் வாகன அனுபவம் மிதிவண்டியோடு முடிந்தது. ஆயினும், பௌதிக வகுப்பில் சுருள்வில்லைப் பற்றி ஆண்டுதோறும் பாடம் நடத்தியவன் என்னும் முறையில், 1973ஆம் ஆண்டின் பந்தயப் பருவம் ஒன்று என் உள்ளத்தை விட்டு அகலாதிருக்கிறது.

மோட்டோகிராஸ் என்பது செப்பனிட்ட சாலையில் நடைபெறுவதன்று. மேடும் பள்ளமும், மணலும் சேறும், குன்றுச் சரிவும் நிறைந்த நிலத்தில் சுற்றிச் சுற்றி ஓடும் பந்தயம் அது. இங்கிலாந்தில் 1924இல் இவ்வகைப் போட்டி தோன்றியது. உலகப் பட்டம் 500 சி.சி. பிரிவுக்கு 1957இலும், 250 சி.சி. பிரிவுக்கு 1962இலும் ஏற்பட்டது. இப்பட்டம் ஒரு நாள் வெற்றியால் கிடைப்பதன்று. இளவேனிலில் தொடங்கிக் கோடைக்காலம் வரை நாடு விட்டு நாடு சென்று ஓடிப் புள்ளிகளைச் சேர்த்தல் வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் ஒரே நாளில் இரண்டு ஓட்டங்கள். அக்காலத்தில் ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரத்தை ஒட்டி நடந்தது.

250 சி.சி. பிரிவில் பெல்ஜிய நாட்டு ஜோயல் ராபேர் ஆறு முறை உலக வீரராக விளங்கினார். 1970 முதல் 1972 வரை அவர் பெற்ற மூன்று பட்டங்களும் சுசுகி வண்டியில் கிடைத்தவை. அவ்வண்டி மிக இலேசானது. 1973இலோ, வண்டி இத்தனை எடைக்குக் குறையலாகாது என்று விதி வந்துவிட்டது. இலேசாக்கி வெல்லும் வழி அடைபட்டது. அப்படியானால் வேகத்தை வேறெங்கே தேடுவது?

எஞ்சினில் என்று நீங்கள் விடை கூறக்கூடும். என் மாணவர்களும் அவ்வாறே கூறுவார்கள். ஆனால் எஞ்சினின் ஆற்றல் சக்கரத்தின் வழியாகத்தானே நிலத்தைச் சேர வேண்டும்? மேட்டில் மோதிச் சக்கரம் அந்தரத்தில் சுழலும் ஒவ்வொரு கணமும் அவ்வாற்றல் வீண். எனவே கரடுமுரடான நிலத்தில் விரைவு என்பது சக்கரத்தை மண்ணோடு ஒட்டியிருக்கச் செய்வதேயாகும்.

அக்கால வண்டிகளில் பின்சக்கரத்தின் இருபுறமும் ஒவ்வொரு ஷாக் அப்சார்பர் இருந்தது. சக்கரம் மேலெழும்பக்கூடிய தூரம் ஏறத்தாழ 10 சென்டிமீட்டரே. விரைந்துவரும் கிரிக்கெட் பந்தைப் பிடிப்பவன் கையைப் பின்னே இழுத்துக்கொண்டே பிடிப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதே அடியை நீண்ட தூரத்தில் தாங்கினால் விசை குறைகிறது. தூரம் குறைந்தால் விசை கூடுகிறது. அது ஓட்டுபவரின் முதுகெலும்பில் போய் முடிகிறது.

இன்னொரு தொல்லையும் உண்டு. சுருள்வில் அடியை வாங்கி வைத்துக்கொள்கிறதே தவிர, அழிப்பதில்லை. உடனே திருப்பிக் கொடுத்துவிடுகிறது. அதை அடக்குவதற்காகவே ஷாக் அப்சார்பருக்குள் எண்ணெய், சிறு துளைகளின் வழியே பிதுங்கிச் செல்லுமாறு வைத்திருக்கிறார்கள். அடியின் ஆற்றல் அங்கே வெப்பமாக மாறுகிறது. அரைமணி நேரம் ஓடியபின் அவ்வெண்ணெய் சூடேறி இளகும். காற்றோடு கலந்து நுரைக்கவும் செய்யும். பின்பு வண்டி, கட்டவிழ்ந்த காளைபோல் பின்னங்காலை உதைக்கும். களைத்துப்போன வீரருக்கு, களைத்துப்போன வண்டி!

இதற்கு வழி கண்டவர் லூசியன் டில்கன்ஸ் என்ற பெல்ஜியப் பொறியியல் ஆசிரியர். ஆசிரியர் என்பதைச் சற்று அழுத்தியே கூறுகிறேன்; முதியவனின் இச்சிறு கர்வத்தைப் பொறுத்தருளுக. பின்சக்கரத்தைத் தாங்கும் கவையை அவர் முக்கோணமாக அமைத்தார். பக்கத்திற்கு ஒன்றாக இருந்த இரண்டையும் நீக்கி, நீளமான ஒரே ஷாக் அப்சார்பரைப் பெட்ரோல் தொட்டியின் அடியில் கிடத்தினார். அதனுள்ளே எண்ணெயையும் அழுத்தமூட்டிய வாயுவையும் தனித்தனியே பிரித்து வைத்ததால் நுரை எழவில்லை. அவர் இதனைச் சுசுகி நிறுவனத்தாரிடம் காட்டினார்; வென்றுகொண்டிருந்த அவர்கள் ஏற்கவில்லை. யமஹா நிறுவனத்தார் வாங்கிக்கொண்டார்கள்.

அதன்மேல் ஏறியவர் சுவீடன் நாட்டு ஹோக்கன் ஆண்டர்சன். முந்திய பருவங்களில் ராபேருக்குப் பின்னே நின்றவர் அவர். 1973இல் 250 சி.சி. உலகப் பட்டம் அவருடையதாயிற்று. ஜெர்மானியரான அடால்ஃப் வைல், மைக்கோ வண்டியில் இரண்டாமிடம் பெற்றார். மோட்டோகிராஸில் யமஹாவுக்குக் கிடைத்த முதல் உலகப் பட்டம் இதுவே. ராபேர் அதன்பின் எப்பட்டமும் பெறவில்லை.

எனினும், வெற்றியை முழுவதும் அந்த ஒற்றை ஷாக் அப்சார்பருக்கே உரிமையாக்குவது முறையாகாது. ஆண்டர்சன் முன்பே தேர்ந்த வீரர். அன்றியும், அவ்வமைப்பில் குறைகள் இருந்தன: எடை உயரத்தில் அமைந்தது, எஞ்சின் வெக்கைக்கு அருகே, காற்றுப் படாத இடத்தில் அது சூடேறியது. மைக்கோ நிறுவனத்தார் 1974இல் பழைய இரட்டை ஷாக் அப்சார்பர்களையே முன்னோக்கி நகர்த்திச் சாய்த்து, சக்கரத்திற்கு நீண்ட அசைவைப் பெற்றுக்காட்டினார்கள். ஆக, அசைவின் நீளமே உண்மையான கண்டுபிடிப்பு என்பது என் கருத்து.

1980களின் தொடக்கத்திலே சுசுகி, ஹோண்டா, காவசாகி ஆகிய மூன்றும், நெம்புகோல்களை இடையே சேர்த்து, ஒற்றை ஷாக் அப்சார்பருக்கே வந்து சேர்ந்தன. 10 சென்டிமீட்டராக இருந்த அசைவு இன்று ஏறத்தாழ 30 சென்டிமீட்டர். வண்டி தாங்கும் என்று தெரிந்ததும், பந்தயத் தளம் அமைப்போர் மேடுகளை உயர்த்தினார்கள். மேடு உயர உயர வீரர்கள் வானில் பாயும் தூரம் கூடிற்று. தவறி விழுந்தால், இன்று அவர்கள் ஆண்டர்சன் காலத்தைவிட உயரத்திலிருந்தே விழுகிறார்கள்.