கதவுக்கு எந்தப் பக்கம் கேமரா?

அஸ்வின் சரவணன் இயக்கி 2019 ஜூன்ல வந்த ‘கேம் ஓவர்’ படத்தைப் பத்தித்தான் இன்னைக்குப் பேசப்போறோம். கதையோட திருப்பங்களைச் சொல்லித்தான் ஆகணும், அதனால பார்க்காதவங்க படத்தைப் பார்த்துட்டு வந்துடுங்க. பூட்டின அறை, உள்ள மனசு உடைஞ்ச ஒரு பொண்ணு, இது தமிழ்ப் பேய்ப் படங்களுக்குப் பழகிப்போன சரக்கு. பெரும்பாலான படங்கள்ல கேமரா கதவுக்கு வெளியில நிக்கும், உள்ள இருக்கிறவங்களைப் பார்த்து நாம பயப்படுவோம். ‘கேம் ஓவர்’ கேமராவை உள்ள கொண்டுபோய் வெச்சு, வெளியில இருக்கிறவங்களைப் பார்த்துப் பயப்பட வைக்குது. விழுப்புரம், திண்டிவனம் பக்கம் இருக்கிறவங்களுக்கு இது வெறும் சினிமா ரசனை விஷயம் இல்லைங்கிறதுதான் என் வாதம்.

முதல்ல மத்த படங்கள். 2005-ல வந்த ‘சந்திரமுகி’யில மனநல மருத்துவரே கதாநாயகன். நோய்க்குப் பேர் சொல்றார், காரணம் சொல்றார். ஆனா எல்லாத்தையும் நோயாளியான கங்காவைச் சுத்தி இருக்கிறவங்ககிட்டதான் விளக்குறார். கங்காவுக்கு என்ன வேணும்னு கேட்க அந்த அரண்மனையில ஆள் இல்ல. அஸ்வின் சரவணனோட முதல் படம், 2015-ல வந்த ‘மாயா’கூட இதுல இருந்து முழுசா தப்பிக்கல. மாயவனம்ங்கிற காட்டுக்குள்ள ஒரு மனநலக் காப்பகம், நோயாளிகளை வெச்சுச் செஞ்ச கொடூரமான பரிசோதனைகள்னு போகுது கதை. அங்க அடைபட்ட மாயாமேல இரக்கம் வருது, சரி. ஆனா அந்தக் கொடுமையை அனுபவிச்ச மத்தவங்க இருட்டுல அசையற உருவங்களா நின்னுபோறாங்க. கொடுமை செஞ்சவங்களைவிட செத்துப்போனவங்கதான் நம்மைப் பயமுறுத்துறாங்க.

‘கேம் ஓவர்’ இதைத் திருப்பிப் போடுது. டாப்ஸி நடிச்ச ஸ்வப்னா வீடியோ கேம் வடிவமைக்கிறவ. ஒரு புத்தாண்டு ராத்திரி அவளுக்குப் பாலியல் வன்கொடுமை நடந்திருக்கு. வருஷம் திரும்பி அதே நாள் நெருங்க நெருங்க இருட்டைக் கண்டா மூச்சு முட்டுது. இது கதைக்காகக் கட்டின வியாதி இல்ல. மனநல மருத்துவத்துல ‘ஆனிவர்சரி ரியாக்‌ஷன்’னு சொல்றாங்க, படத்துல வர்ற மருத்துவரும் அப்படித்தான் சொல்றார். உயிரை விடத் துணிஞ்சு, ரெண்டு காலும் ஒடிஞ்சு, சக்கர நாற்காலியில உட்கார்ந்துடறா. வீட்டுக்குள்ள துணைக்கு இருக்கிறது வினோதினி நடிச்ச பணிப்பெண் மட்டும்தான். இப்போ அடைபட்ட இடம் எதுன்னு பாருங்க. வீடு, நாற்காலி, ஒரு தேதி. அதுக்கப்புறம் பெரும்பாலும் நாம அவ உட்கார்ந்த உயரத்துல இருந்துதான் வாசலைப் பார்க்கிறோம். அமானுஷ்யமும் இருக்கு: கையில குத்தின டாட்டூ மையில, கொலையான அமுதாங்கிற பொண்ணோட அஸ்தி தெரியாம கலந்துடுது. ஆனா புற்றுநோயோட திரும்பத் திரும்ப மல்லுக்கட்டின அந்த அமுதா, ஸ்வப்னாவைப் பிடிச்சு ஆட்டல. கேம்ல வர்ற மாதிரி அவளுக்கு இன்னும் சில உயிர் கொடுக்கிறா. செத்தவ பக்கத்துணை, அவளைக் கொல்ல முகமூடி போட்டுட்டு வர்ற, உயிரோட இருக்கிற ஆளுங்கதான் ஆபத்து. எனக்குத் தெரிஞ்சு தமிழ்ப் பேய்ப் படத்துல இது ரொம்ப அபூர்வம்.

“சரிப்பா, பேய்ப் படம் பார்த்துட்டு யாராவது மனநோயாளிக்குச் சங்கிலி போட்டாங்களா?”ன்னு நீங்க கேட்கலாம். இல்ல. 2001 ஆகஸ்ட் 6 காலையில ஏர்வாடியில ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடிச்சப்போ, சங்கிலியில கட்டிக்கிடந்த 28 பேர் ஓட முடியாம கருகிச் செத்தாங்க. அந்தப் பழக்கம் சினிமாவைவிடப் பழசு. 2023 பிப்ரவரியில விக்கிரவாண்டி பக்கம் குண்டலப்புலியூர்ல, மனநலம் பாதிச்சவங்களையும் வெச்சிருந்த அன்புஜோதி ஆசிரமத்துல அதிகாரிகள் சோதனை போட்டாங்க. உறவினரைக் காணோம்னு உயர் நீதிமன்றத்துக்குப் போன ஒரு மனுதான் அதுக்கு வழி திறந்துச்சு. 140-க்கும் மேற்பட்டவங்களை மீட்டாங்க. அடி, சங்கிலி, பாலியல் வன்கொடுமை, குரங்கை விட்டுக் கடிக்க வெச்சதுன்னு வந்த குற்றச்சாட்டுகளை விசாரிக்க வழக்கு சிபிசிஐடி-க்குப் போச்சு. நான் கேட்கிறது இதுதான்: அப்படி ஒரு இடத்தோட வாசலைத் தாண்டிப் போற ஊர் ஜனங்க உள்ள சத்தம் கேட்டா என்ன நினைப்பாங்க? ‘பைத்தியம் கத்துது’ன்னுதான். அந்த அலறல் பயமுறுத்துற சத்தமாத்தான் இருக்கும்னு நமக்குக் காலங்காலமா பழக்கினதுல பேய்ப் படத்துக்கும் பங்கு இருக்கு. சங்கிலியைப் படம் செய்யல, ஆனா அலறலைக் கேட்டும் கடந்து போறதை அது சுலபமாக்குது.

இன்னொரு எதிர்வாதம் இதைவிடக் கனமானது. மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்கு அமாவாசை ராத்திரி எத்தனை குடும்பங்க வருதுன்னு இந்தப் பக்கத்துக்காரங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. பேய் பிடிச்சிருக்குன்னு நம்பிக் கூட்டிட்டு வர்றவங்களும் அதுல உண்டு. அப்போ அந்த நம்பிக்கையும் தப்பான்னு கேட்பீங்க. மருத்துவரைப் பார்க்காம அதோட நின்னுட்டா தப்புதான். ஆனா அங்க சாமியாடுற பொண்ணு ஆயிரம் பேர் நடுவுல, அம்மாவோ அண்ணனோ பிடிச்சிருக்கத்தான் ஆடுறா. குண்டலப்புலியூரும் ஏர்வாடிக் காப்பகமும் அப்படி இல்ல. அங்க இருந்தது பூட்டு. நம்ம சினிமா கோயில்ல இருந்து உடுக்கைச் சத்தத்தை மட்டும் எடுத்துக்கிட்டு, கையைப் பிடிச்சிருக்கிற சொந்தத்தை விட்டுட்டு வந்துடுச்சு.

‘கேம் ஓவர்’ல குறையே இல்லன்னு சொல்லல. கொலைகாரங்க யாரு, எதுக்குச் செய்யறாங்கன்னு படம் சொல்றதே இல்ல; அது ஒரு தப்பித்தல் மாதிரியும் தெரியுது. கடைசியில அவளைக் காப்பாத்துறது சிகிச்சையா அஸ்தியான்னும் கேட்கலாம். ஆனா சண்டை போட முடிவெடுக்கிறது அவதான், அவளுக்காக வேற யாரும் எடுக்கல. அந்த ஒரு காரணத்துக்காகவே ‘சந்திரமுகி’க்கு மேல வைப்பேன்.

சினிமாவை விடுங்க, நிஜத்துக்கு வருவோம்: 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தோட 95-வது பிரிவு, மனநோய் இருக்கிறவங்களை எந்த விதத்துலயும் சங்கிலியால கட்டக்கூடாதுன்னு சொல்லுது. உங்க ஊர்ல அப்படி ஒரு பூட்டின வீடோ விடுதியோ தெரிஞ்சா கலெக்டர் ஆபீஸுக்கோ போலீசுக்கோ சொல்லுங்க. வீட்டுல ஒருத்தருக்கு உதவி வேணும்னா முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிட்டுப் போங்க, இல்ல ‘டெலி மானஸ்’ 14416-க்குப் போன் போடுங்க. அந்த நம்பருக்குக் காசு கிடையாது.