அவசரமும் பொறுமையும்

“ஆணா, பெண்ணா?” என்பதே குழந்தை பிறந்த வீட்டில் முதற் கேள்வி. மிக அபூர்வமாகச் சில வீடுகளில் அதற்கு உடனே பதில் கிடைப்பதில்லை. வேறு சில வீடுகளில் பதில் கிடைத்தும், குழந்தையின் அடிவயிற்றைக் கண்டு தாயார் திடுக்கிடுகிறாள். இரண்டையுமே வெட்கத்தால் மூடி மறைப்பது நம்மவர் வழக்கம். ஆயினும் இரண்டுக்கும் சிகிச்சை ஒன்றல்ல என்பதைக் குடும்பஸ்தர்கள் அறிந்திருப்பது அவசியம்.

மூத்திரப்பை மூடாமல், வயிற்றுக்கு வெளியே திறந்த நிலையில் சில குழந்தைகள் பிறக்கின்றன. சுமார் 30,000 முதல் 50,000 பிரசவங்களுக்கு ஒன்று என்பது வைத்தியர்களின் கணக்கு. சிறுநீர் ஓயாது கசியும். இங்கே தாமதம் கூடாது. துணி ஒட்டிப் புண்ணாகாதபடி சுத்தமான மெல்லிய பிளாஸ்டிக் தாளால் மூடி, குழந்தைகளுக்கான ரண சிகிச்சை நிபுணரிடம் சேர்ப்பிக்க வேண்டும். அவர் பையை மூடி உள்ளே வைத்து, விலகி நிற்கும் இடுப்பெலும்புகளை முன்புறம் இணைப்பார். சிறுநீரை அடக்கும் சக்தி பெறப் பின்னரும் சிகிச்சைகள் தேவைப்படலாம்.

பிள்ளைச்சாவடி போன்ற கடற்கரைக் கிராமத்தாருக்கு உதவி தொலைவில் இல்லை. புதுச்சேரிக் கோரிமேட்டு ஜிப்மரில் குழந்தை ரண சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவு உண்டு. 1823-ல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய வைத்தியப் பள்ளியின் வழிவந்த ஸ்தாபனம் அது.

ஆண் குழந்தைக்கு மூத்திரத் துவாரம் நுனியில் இல்லாமல் அடிப்புறம் அமைவது இத்தனை அபூர்வமன்று. சிகிச்சை தேவையானால் பெரும்பாலும் 6 முதல் 18 மாத வயதுக்குள் செய்கிறார்கள். புதிய பாதை அமைக்க முன்தோல் உதவுமாதலால், அதற்கு முன் சுன்னத் செய்துவிடலாகாது.

ஆணா பெண்ணா என்று உருவத்தால் நிச்சயிக்க இயலாத குழந்தையின் விஷயம் வேறு. அட்ரினல் சுரப்பியின் கோளாறு காரணமாயிருந்தால், உடலில் உப்புச் சத்து குறைந்து, சில வாரங்களிலேயே உயிருக்கு ஆபத்து நேரலாம். அதற்கு வேண்டியவை உடனடி ரத்தப் பரிசோதனையும் மருந்துமே, கத்தியல்ல. ஊரார் வாய்க்கு அஞ்சி உறுப்பைத் திருத்திவிட்டால், வளர்ந்தபின் அக்குழந்தை தன்னை வேறு விதமாக உணரக்கூடும். வெட்டியதை மீட்க வழியில்லை.

2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, ஒரு திருமணப் பதிவு வழக்கின் தீர்ப்பில், சிசுக்களுக்கு இத்தகைய சிகிச்சை செய்வதைத் தடுக்கும்படி தமிழக அரசுக்குக் கட்டளையிட்டது. உயிராபத்தான சமயம் நீங்கலாக அதைத் தடை செய்து அவ்வாண்டு ஆகஸ்டிலேயே அரசாணை பிறந்தது. ஆணை தமிழ்நாட்டுக்குரியது, அதன் நியாயமோ எல்லைக்கு இப்பாலும் நியாயமே.

ஆகவே பெற்றோர் வைத்தியரிடம் கூசாமல் கேட்க வேண்டும்: “இச்சிகிச்சை குழந்தையின் ஆரோக்கியத்துக்காகவா, பார்ப்பவர் கண்ணுக்காகவா?” ஆரோக்கியத்துக்காக எனில், அவர் குறித்த காலத்தைத் தவற விடலாகாது. மற்றதெனில், குழந்தை வளர்ந்து தானே முடிவு சொல்லும்வரை காத்திருப்பதே முறை.