ஈடேற்றமே சமயத்தின் பயன்: இமாம் கஸ்ஸாலி (ரஹ்) காட்டும் நெறி

முன்னுரை

சமயம் எதற்காக? இவ்வினாவை வகுப்பறையில் எழுப்பினால் மாணவர்கள் பலவாறு விடை பகர்வர். முன்னோர் வழிவந்த மரபு என்பான் ஒருவன். சமுதாயத்தை ஒழுங்கில் நிறுத்தும் கட்டுப்பாடு என்பாள் ஒருத்தி. நாம் இன்னார் என்று உலகுக்குக் காட்டும் அடையாளம் என்பான் மற்றொருவன். மூன்று விடைகளிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் அவை சமயத்தால் உடன்விளையும் பயன்களே. மனித உள்ளத்தை அழிவிலிருந்து மீட்டு, அதனைப் படைத்தவனிடம் தூய்மையாகக் கொண்டு சேர்ப்பதே சமயத்தின் தலையாய நோக்கம். இதனையே இசுலாமியத் தமிழ் வழக்கு 'ஈடேற்றம்' என்னும் அழகிய சொல்லால் குறிக்கிறது. ஈடேற்றம், பாவம், உலக மயக்கம் ஆகிய மூன்றும் எவ்வாறு ஒன்றோடொன்று பிணைந்துள்ளன என்பதனை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் வாழ்வையும் நூலையும் துணைக்கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாவம் பற்றிய பார்வைகள்

மனிதனிடத்தே ஏதோ ஒரு குறை உண்டு, அது நீங்கினாலன்றி அவனுக்கு உய்வில்லை என்பதில் பெருஞ்சமயங்கள் பெரும்பாலும் உடன்படுகின்றன. பௌத்தம் துன்பத்தின் மூலத்தை வேட்கையில் காண்கிறது. சைவ சித்தாந்தம் ஆணவம், கன்மம், மாயை என்னும் மும்மலங்களைக் கூறுகிறது. முதல் மனிதரின் வீழ்ச்சி அவர்தம் வழித்தோன்றல்களையும் பற்றி நிற்கிறது என்பது கிறித்தவ மரபின் கொள்கை.

இசுலாம் பிறவிப் பாவத்தை ஏற்பதில்லை. ஆதம் (அலை) தவறிழைத்தார், வருந்தி மீண்டார், மன்னிக்கப்பட்டார். அவர் பிழை அவரோடு முடிந்தது. ஒவ்வொரு குழந்தையும் தூய இயல்பிலேயே பிறக்கிறது. அவ்வாறாயின் அழுக்கு எங்கிருந்து வருகிறது? வாழ்நாள் முழுவதும் நாமே சேர்த்துக்கொள்வது அது. உள்ளத்தைத் தூய்மை செய்தவர் வெற்றி பெற்றார், அதனை மாசுபடுத்தியவர் தோல்வியுற்றார் என்பது திருமறையின் 91ஆம் அத்தியாயம் உணர்த்தும் கருத்து. பாவம் மரபுவழிச் சொத்தன்று என்னும் இக்கொள்கை ஆறுதல் தருவதுபோல் தோன்றும். ஆழ்ந்து நோக்கின் அச்சமூட்டுவதும் இதுவே. பழியை ஏற்றிவைக்க வேறொருவர் இல்லாது போகிறார் அன்றோ?

பேராசிரியர் ஒருவரின் நடுக்கம்

இமாம் கஸ்ஸாலி 1058இல் பாரசீகத்தின் தூஸ் நகரில் பிறந்தவர். 1091இல், ஏறத்தாழ முப்பத்து மூன்றாம் அகவையில், அமைச்சர் நிஜாமுல் முல்க்கால் பாக்தாத் நிஜாமிய்யாக் கல்லூரியின் தலைமை ஆசிரியராக அமர்த்தப்பெற்றார். முந்நூறு மாணவர்கள் அவரிடம் பாடங் கேட்டனர். அரசவையும் அறிஞர் அவையும் அவரைப் போற்றின. அக்காலத்தில் ஓர் ஆசிரியர் விரும்பக்கூடிய அனைத்தும் அவருக்கு வாய்த்திருந்தன.

அந்த உச்சியில்தான் அவருக்கு நடுக்கம் கண்டது. தம் உள்ளத்தைத் தாமே சோதித்துப் பார்த்தபோது, தம் கற்பித்தல் இறைவனுக்காக நிகழவில்லை, புகழ் வேட்கையே தம்மை இயக்குகிறது என்று கண்டதாகத் தம் வரலாற்று நூலான 'அல் முன்கித்' என்பதில் அவர் ஒளிவின்றி எழுதியுள்ளார். 1095இல் ஏறத்தாழ ஆறு திங்கள் அவர் ஊசலாடினார். காலையில் புறப்படத் துணிவார். மாலையில் அத்துணிவு கரையும். இறுதியில் நா எழவில்லை, பாடஞ் சொல்ல இயலவில்லை, உணவும் செல்லவில்லை. நோய் உள்ளத்தில் தோன்றி உடலில் பரவியது என மருத்துவர் கைவிரித்தனர்.

பின்னர், குடும்பத்திற்கு வேண்டிய அளவு வைத்துவிட்டு எஞ்சிய செல்வத்தை வழங்கிப் பாக்தாதை விட்டு வெளியேறினார். திமிஷ்கின் பெரிய பள்ளிவாசல் மினாராவில் தனித்திருந்தார். பைத்துல் முகத்தஸ் சென்றார். ஹஜ்ஜுக் கடமையை நிறைவேற்றினார். அரசியல் அச்சமே அவர் வெளியேறியதற்குக் காரணம் என்று கருதும் ஆய்வாளரும் உளர். காரணம் எதுவாயினும், புகழின் நடுவே நின்ற ஓர் ஆசிரியர் தம் பாவத்தைத் தாமே பெயரிட்டுக் கூறினார் என்பது மாறாது. 1106இல் அவர் நைசாபூரில் மீண்டும் கற்பிக்கத் தொடங்கியதும், 1111இல் சொந்த ஊரில் மறைந்ததும் ஈண்டு நினைக்கத்தக்கன. கற்பித்தலை அவர் நிலையாகத் துறந்துவிடவில்லை. கற்பித்தலுக்குள் ஒளிந்திருந்த தன்னலத்தைத் துறக்க முயன்றார்.

அழிப்பனவும் ஈடேற்றுவனவும்

இந்த அலைவுக் காலத்தின் கனியே 'இஹ்யா உலூமித்தீன்' என்னும் பெருநூல். நாற்பது பகுதிகள் கொண்ட இந்நூல் நான்கு காற்கூறுகளாக வகுக்கப்பெற்றுள்ளது. முதற்கூறு வழிபாடுகளையும், இரண்டாவது உண்ணல், மணத்தல், பொருளீட்டல் முதலிய உலகியல் நடைமுறைகளையும் கூறும். மூன்றாவது 'முஹ்லிகாத்', அதாவது அழிப்பன. நான்காவது 'முன்ஜியாத்', அதாவது ஈடேற்றுவன. நூலின் சரிபாதி, அழிவும் மீட்சியும் பற்றியதாகவே அமைந்துள்ளமை நோக்கத்தக்கது.

அழிப்பனவற்றின் வரிசை நுட்பமானது. வயிற்றுப் பசி, காம இச்சை, நாவின் கேடுகள், சினமும் பொறாமையும், உலகப் பற்று, கஞ்சத்தனமும் பொருளாசையும், பதவி ஆசையும் பகட்டும், செருக்கு எனச் சென்று இறுதியில் 'தற்மயக்கம்' என்பதில் முடிகிறது. பிறர் கண்ணுக்குத் தெரியும் குற்றங்களில் தொடங்கி, செய்பவர்க்கே தெரியாத குற்றத்தில் முடிகிறது. கள்ளுண்பவன் தான் கள்ளுண்பதை அறிவான். செருக்குற்றவனோ தான் பணிவுடையவன் என்றே நம்புவான். நான்காம் கூறு தவ்பா எனும் பாவமீட்சியில் தொடங்கிப் பொறுமை, நன்றியுணர்வு, இறையச்சம், நம்பிக்கை, அன்பு, தூய எண்ணம் முதலியவற்றை விளக்கி மரண நினைவில் நிறைவுறுகிறது.

உலகம் என்னும் தீவு

'துன்யா' எனும் உலகை அவர் எவ்வாறு காண்கிறார்? கடற்கரை ஊர்களில் வாழும் நமக்கு எளிதில் விளங்கும் ஓர் உவமையை அவர் எடுத்தாள்கிறார். கப்பலில் செல்வோர் சிறுதேவைக்காக ஒரு தீவில் இறங்குகின்றனர். விரைந்து திரும்புமாறு மாலுமி எச்சரிக்கிறார். வேலை முடித்து உடன் திரும்பியோர்க்கு அகன்ற இடம் கிட்டுகிறது. மலர்களையும் பறவைகளையும் கண்டு சற்றுத் தாமதித்தோர்க்கு நெருக்கடியான இடமே கிட்டுகிறது. கற்களையும் மலர்களையும் வாரிவந்தோர் அவற்றை வைக்க இடமின்றித் தோளிற் சுமக்கின்றனர். மலர்கள் வாடி நாறத் தொடங்குகின்றன. காட்டினுள் நெடுந்தொலைவு சென்றோர் கப்பலையே மறந்தனர்; அழைப்பொலி அவர்தம் செவியில் விழவில்லை; தீவிலேயே மடிந்தனர்.

தீவில் இறங்கியதை இவ்வுவமை குற்றமாகக் கூறவில்லை. தேவைக்காகவே இறங்கினர். குற்றம், கப்பலை மறந்ததில் இருக்கிறது. மணவாழ்வை விடுவேன், இரவெல்லாம் தொழுவேன், நாள்தோறும் நோன்பிருப்பேன் என்று உறுதி பூண்ட மூவரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் திருத்திய நிகழ்ச்சி ஸஹீஹ் புகாரியில் இடம்பெற்றுள்ளது. உண்பதும் உறங்குவதும் மணப்பதும் நபிவழியே.

தமிழ் மாணவர்க்கு இங்கே வள்ளுவர் நினைவு வருதல் இயல்பு. நிலையாமை, துறவு, மெய்யுணர்தல், அவாவறுத்தல் என 34 முதல் 37 வரையுள்ள அதிகாரங்கள் ஒரே தொடராக நிற்கின்றன. அவற்றுக்கு முன்பே 28ஆம் அதிகாரமாகக் கூடாவொழுக்கத்தை வைத்து, வேடத்தால் மட்டும் துறந்தாரை அவர் கடிந்துள்ளார். இல்லறத்தை முதலில் விரிவாகப் பாடிய வள்ளுவர், துறவறத்துள் நுழைந்ததும் போலித் துறவைக் கண்டிக்கிறார். கஸ்ஸாலி அவர்கள் 'ரியா' எனக் கூறும் பகட்டு வழிபாடும் இதனோடு நெருங்கிய உறவுடையது. தொண்டிக்கு அருகே பிறந்து, வீடு துறந்து, சென்னையில் அடங்கிய குணங்குடி மஸ்தான் சாகிபு போன்ற மெய்ஞ்ஞானியர் புறத்துறவையும் மேற்கொண்டனர். அது சிலர்க்கு வாய்க்கும் வழி. கடையும் வயலும் குடும்பமும் உடைய நம்மனோர்க்கு அகத்துறவே கடமை.

மயக்கங்களுள் பெரிது

'தற்மயக்கம்' பற்றிய பகுதியில் ஏமாந்தோரை நான்கு வகையினராகக் கஸ்ஸாலி அவர்கள் பிரிக்கிறார்: அறிஞர், வணக்கசாலிகள், சூஃபிகள், செல்வர். பாவிகள் என்று உலகம் ஒதுக்குவோரை அவர் இங்குப் பேசவில்லை, மதிக்கப்படுவோரையே பேசுகிறார். தகாத வழியில் ஈட்டிய பொருளால் பள்ளிவாசல் எழுப்பி அதன்மேல் தம் பெயரைப் பொறிப்போரையும் அவர் சுட்டுகிறார். உரியவரிடம் பொருளைத் திருப்பித் தருவதே அவர்மீது கடமை. அதனைச் செய்யாது கல்லில் பெயர் தேடினர் என்பது அவர் கருத்து.

பிஷ்ருல் ஹாபி (ரஹ்) அவர்களைப் பற்றிய செய்தியொன்றையும் அங்கே எடுத்துரைக்கிறார். ஹஜ்ஜுக்குச் செல்ல ஒருவர் விடைபெற வந்தார். வழிச்செலவுக்கு இரண்டாயிரம் திர்ஹம் வைத்திருந்தார். அதனைக் கடனாளிக்கும் ஏழைக்கும் அநாதையைப் பேணுவோர்க்கும் பகிர்ந்தளிக்குமாறு பிஷ்ர் அறிவுரை கூறினார். தம் மனம் பயணத்தையே நாடுகிறது என்றார் வந்தவர். பழுதுபட்ட வழியில் வந்த பொருள், நற்செயலின் வடிவில் தன் ஆசையைத் தீர்த்துக்கொள்ளத் துடிக்கும் என்று கூறிப் புன்னகைத்தார் பிஷ்ர்.

மறுமையில் முதலில் தீர்ப்புக் கூறப்படுவோர் மூவர் என்று ஸஹீஹ் முஸ்லிமில் ஒரு நபிமொழி உண்டு. போரில் உயிர் நீத்தவர், கற்றுக் கற்பித்தவர், வாரி வழங்கியவர் ஆகியோரே அம்மூவர். பிறர் புகழ வேண்டும் என்பதற்காகச் செய்தமையால் மூவரும் தோற்கின்றனர். பட்டம் பெற்று, மேடைகளில் பொன்னாடை ஏற்று, இம்மலரில் கட்டுரை எழுதும் நானும் அந்த இரண்டாமவரைத் தாண்டி எளிதில் செல்ல இயலவில்லை.

மீட்சியின் வழி

தவ்பா என்பது நாவால் மட்டும் மன்னிப்புக் கோருதல் ஆகாது. செய்ததற்கு வருந்துதல், அதனை உடனே விடுதல், இனிச் செய்யேன் என உறுதி பூணுதல் ஆகியன அதன் கூறுகள். பிறர் உரிமை தொடர்புடையதாயின் நான்காவதாக ஒன்று சேரும்: உரியவர்க்கு உரியதைத் திருப்பித் தருதல், அல்லது அவரிடம் பொறுப்புப் பெறுதல்.

நொடித்துப்போனவர், வணிகர் வழக்கில் 'மஞ்சள் கடுதாசி' கொடுத்தவர், யார் என்று பெருமானார் (ஸல்) ஒருமுறை வினவினார்கள். பொருளற்றவர் என்றனர் தோழர்கள். தொழுகையோடும் நோன்போடும் ஜகாத்தோடும் மறுமைக்கு வருபவர், ஆயினும் ஒருவரை ஏசியவர், ஒருவர்மீது அவதூறு கூறியவர், ஒருவர் பொருளை உண்டவர். அவர் நன்மைகள் பாதிக்கப்பட்டோர்க்குப் பகிர்ந்தளிக்கப்பட்டுத் தீர்ந்துபோக, அவர்கள் பாவங்களும் அவர்மேல் சுமத்தப்படும் என்று நாயகம் (ஸல்) விளக்கினார்கள். வணக்கம் மிகுந்தும் ஈடேற்றம் தவறலாம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

நான் பள்ளிச் சிறுவனாக இருந்தபோது என் தந்தையார் ஹஜ்ஜுக்குப் பணம் சேர்த்தார். ஊர் வழக்கப்படி வீடுவீடாகச் சென்று பொறுப்புக் கேட்கத் தொடங்கியவர், தம் தங்கையின் வாசலில் நின்றுவிட்டார். பாட்டனார் விட்டுச்சென்ற நிலத்தில் தங்கைக்குரிய பங்கு பல்லாண்டுகளாகத் தரப்படாமலே இருந்தது. பெண்மக்களின் பங்கைத் திருமறையின் நான்காம் அத்தியாயம் வகுத்துரைப்பதை அறியாதவர் அல்லர் அவர். "நான் எதையும் கேட்கவில்லையே காக்கா, போய் வாருங்கள்" என்றார் என் மாமி. "நீ கேட்காததுதான் எனக்குப் பயமாக இருக்கிறது" என்றார் தந்தையார். பயணத்திற்கு வைத்திருந்த தொகை அவ்வாண்டு தங்கையின் பங்காயிற்று. அவர் ஹஜ்ஜுக்குச் செல்ல மேலும் நான்கு ஆண்டுகள் ஆயின. அந்த நான்காண்டுகளில் அவரை ஊரார் 'ஹாஜியார்' என்று அழைக்கவில்லை. ஆயினும் அவர் முகத்தில் அதுவரை காணாத ஓர் அமைதியை நான் கண்டேன்.

நம் ஜனாஸா வழக்கமும் ஈண்டு நினையத்தக்கது. தொழுகைக்கு முன், இறந்தவர் எவர்க்கேனும் கடன்பட்டிருந்தால் எம்மிடம் கூறுக என்று மகன் எழுந்து அறிவிக்கிறான். உயிர்த்தியாகியின் பிழைகளும் மன்னிக்கப்படும், கடனைத் தவிர என்னும் நபிமொழியே இவ்வழக்கத்தின் கனத்தை உணர்த்தும். மகன் சொல்ல வேண்டிய அச்சொல்லை, நா எழும்போதே தந்தை சொல்லியிருப்பின் எத்துணை நன்று!

முடிவுரை

உலகம் நம்மை ஈர்ப்பது இயல்பு. தவறுவதும் மனித இயல்பே. ஈர்ப்பை அறிவதற்கும், தவறிய இடத்திலிருந்து மீள்வதற்கும் வழிகாட்டுவதே சமயம். அவ்வழி தொழுகை விரிப்பில் தொடங்கித் தராசுத் தட்டு, கணக்கேடு, பாகப் பத்திரம் ஆகியவற்றின் வழியே செல்கிறது. மாணவச் செல்வங்கள் எதற்காகக் கற்கிறோம் என்று ஆண்டுக்கொருமுறையேனும் தம்மையே வினவுவாராக. ஆசிரியப் பெருமக்கள் யாருக்காகக் கற்பிக்கிறோம் என்று எண்ணுவாராக. சமுதாயப் பெரியோர்கள், தரவேண்டியது தந்த பின்னரே வழங்கல் தொடங்குகிறது என்பதனை இளையோர்க்கு வாழ்ந்து காட்டுவாராக. கப்பல் இன்னும் கரையில்தான் நிற்கிறது. அழைப்பொலி கேட்கும் தொலைவில் நம் அனைவரையும் வல்ல இறைவன் வைத்தருள்வானாக. ஆமீன்.