வம்சாவளி 186 கே.பி., போட்டோக்கள் தனி!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலரும் ஆசையுடன் தொடங்கும் வேலை, குடும்ப வம்சாவளியைத் தொகுப்பது. இதற்கு கிராம்ப்ஸ் போன்ற இலவச புரோகிராம்கள் உள்ளன. பெயர், பிறந்த ஆண்டு, யாருக்கு யார் பிள்ளை எனப் பதிந்துகொண்டே போகலாம். சிக்கல் வருவது, அதை உறவினருக்கு அனுப்பும்போதுதான்.

என் அனுபவத்தையே சொல்கிறேன். 412 பேர் கொண்ட எங்கள் வம்சாவளியைப் பினாங்கில் உள்ள சித்தப்பாவுக்கு இமெயிலில் அனுப்பினேன். பைலின் அளவு வெறும் 186 கே.பி. இத்தனை பேரும் இதற்குள் அடங்கிவிட்டார்களே என்று எனக்குப் பெருமை வேறு! மறுநாள் போன் வந்தது. "பேரெல்லாம் இருக்குப்பா, அப்பா படத்தைக் காணோமே?"

காரணம் எளிது. வம்சாவளி புரோகிராம்கள் தங்களுக்குள் தகவலைப் பரிமாறிக்கொள்ள ஜெட்காம் என்ற பைல் வகையைப் பயன்படுத்துகின்றன. இது வெறும் எழுத்துகளால் ஆனது. நோட்பேடில் திறந்து நீங்களே படித்துப் பார்க்கலாம். அதில் போட்டோ இருக்காது. போட்டோ எந்த டிரைவில், எந்த போல்டரில் உள்ளது என்ற முகவரி மட்டுமே இருக்கும். என் கம்ப்யூட்டரின் முகவரியைச் சித்தப்பாவின் கம்ப்யூட்டரில் தேடினால் என்ன கிடைக்கும்?

எழுத்துக்கு இடம் அதிகம் தேவையில்லை. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். யூனிகோட் தமிழில் (யூ.டி.எப்.-8 முறையில்) ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட். 'முருகன்' நம் கண்ணுக்கு நான்கு எழுத்து; கம்ப்யூட்டருக்கோ உகரக் குறிகள், புள்ளி எல்லாம் சேர்த்து ஏழு குறியீடு, அதாவது 21 பைட். இதைப் பார்த்துப் பயந்து பெயர்களை ஆங்கிலத்தில் அடிக்காதீர்கள். எங்கள் பைல் முழுவதையும் தமிழில் அடித்தாலும் ஒரு எம்.பி.யைத் தொடாது.

இடத்தை விழுங்குவது போட்டோதான். 6க்கு 4 அங்குலப் படத்தை 300 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்தால் 1800 x 1200, அதாவது 21.6 லட்சம் புள்ளிகள். புள்ளிக்கு மூன்று பைட் வீதம் சுமார் 6.5 எம்.பி. 600 டி.பி.ஐ. என்றால் இரு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. கிட்டத்தட்ட 26 எம்.பி. ஜேபெக் வகையில் சேமித்தால் இது வெகுவாகக் குறையும். ஏற்கனவே சுருக்கப்பட்ட ஜேபெக் படங்களை ஸிப் செய்து மேலும் சுருக்கலாம் என்று எண்ண வேண்டாம். ஸிப்பில் நன்றாகச் சுருங்குவது ஜெட்காம் போன்ற எழுத்து பைல்கள்தான். ஆனால் எல்லாப் படங்களையும் ஒரே பைலாகக் கட்டி அனுப்ப ஸிப் உதவும்.

ஜிமெயிலில் இணைப்புக்கான எல்லை 25 எம்.பி. மெயிலில் செல்லும்போது பைல் மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடும் என்பதால், 18 எம்.பி.க்குள் வைத்துக்கொள்வது நல்லது. அதற்கு மேல் என்றால் கூகுள் டிரைவில் ஏற்றி லிங்க் அனுப்புங்கள். அங்கே இலவசமாகக் கிடைக்கும் 15 ஜி.பி.யில் உங்கள் மெயில்களுக்கும் பங்கு உண்டு.

இரு தரப்பிலும் கிராம்ப்ஸ் இருந்தால், எக்ஸ்போர்ட் செய்யும்போது ஜெட்காமுக்குப் பதில் பேக்கேஜ் வகையைத் தேர்ந்தெடுங்கள். படங்களும் சேர்ந்தே போகும். நானும் இரண்டாவது முறை அப்படித்தான் அனுப்பினேன். உயிருடன் இருப்பவர்களின் பிறந்த தேதி போன்ற விவரங்களை நீக்கிவிட்டு அனுப்பும் வசதியும் அங்கேயே உள்ளது. லிங்க் யார் யார் கைக்குப் போகும் என்பது தெரியாததால், அதை அவசியம் பயன்படுத்துங்கள்.

படம் கிடைத்த மகிழ்ச்சியில், தன்னிடம் இருந்த இன்னொரு பழைய போட்டோவின் பின்பக்கத்தைச் சித்தப்பா வாட்ஸ்அப்பில் அனுப்பினார். பென்சில் எழுத்து ஒன்றும் புரியவில்லை. வாட்ஸ்அப் போட்டோவைச் சுருக்கித்தான் அனுப்பும். அதையே 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பச் சொன்னேன். பெரிதாக்கிப் பார்த்தபோது தெரிந்தது: தாத்தாவின் கையெழுத்து, பக்கத்தில் 1951.