கழிப்பறைத் தொட்டியில் ஒரு விஞ்ஞானப் பாடம்

கழிப்பறையைப் பற்றி ஆண்டு மலரில் எழுதுவதா என்று சிலர் முகம் சுளிக்கலாம். ஆனால், வீட்டின் சுகாதாரம் தொடங்குமிடம் அதுவே அல்லவா?

அம்பத்தூரில் எங்கள் வீட்டு மேல்நாட்டு முறைக் கழிப்பறையில், சில மாதங்களாக நீர் வேகமின்றி இறங்கியது. முழங்கால் வலியுள்ள எங்கள் பாட்டியால் வாளி தூக்கி ஊற்ற இயலாது. இரவில் எங்களை எழுப்பக் கூச்சப்பட்டு, மாலைக்கு மேல் தண்ணீர் அருந்துவதையே அவர் நிறுத்திவிட்டார். அதை அறிந்த அன்றே சகோதரிகளாகிய நாங்கள் இருவரும் காரணத்தைத் தேட முற்பட்டோம்.

கோப்பையின் பின்புறம் வளைந்த குழாய் ஒன்று உண்டு. அதில் எப்போதும் தேங்கி நிற்கும் நீர், சாக்கடைக் காற்று வீட்டினுள் வராமல் தடுக்கிறது. 1775-இல் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரம் செய்பவர், இத்தகைய வளைவு கொண்ட கழிப்பறைக்குக் காப்புரிமை பெற்றார். தொட்டி நீர் ஒரே மூச்சில் விழுந்தால்தான் அழுக்கை அவ்வளைவு தாண்டித் தள்ளும். சிறிது சிறிதாக விழுந்தால் பயனில்லை.

குறையைக் கண்டறிய, முதலில் ஒரு வாளி நீரைக் கோப்பையில் விரைவாக ஊற்ற வேண்டும். நீர் இறங்காமல் மேலெழுந்தால் குழாயில் அடைப்பு என்று அறியலாம். நன்றாக இறங்கினால், குறை தொட்டியிலோ கோப்பையின் விளிம்பிலோ இருக்கும். தொட்டியின் மிதவை தாழ்ந்திருந்தால் நீர் போதிய அளவு நிரம்பாது. வழிகுழாயின் வாய்க்கு ஓர் அங்குலம் கீழே நீர் நிற்குமாறு மிதவையை உயர்த்தலாம். அடியிலுள்ள ரப்பர் அடைப்பான் முழுவதும் திறக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

எங்கள் வீட்டில் இவை யாவும் சரியாகவே இருந்தன. விளிம்பின் அடியில் கைக்கண்ணாடியைப் பிடித்தபோதுதான் உண்மை புலப்பட்டது. நீர் வரும் துளைகளில் பாதி, வெள்ளைப் படிவால் அடைபட்டிருந்தன. ஆழ்குழாய்க் கிணற்றின் கடின நீர் விட்டுச்சென்ற உப்பு அது; பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அமிலம் பட்டால் கார்பனேட் கரையும் என்று வகுப்பில் படித்தது நினைவுக்கு வந்தது. வினிகரில் நனைத்த துணியை இரவு முழுவதும் விளிம்பினடியில் செருகி வைத்தோம். காலையில் கையுறை அணிந்து, பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்தோம். மூன்று இரவுகளில் துளைகள் திறந்தன. ஓர் எச்சரிக்கை: வினிகரையோ வேறு அமிலத்தையோ பிளீச்சிங் பவுடருடன் சேர்க்கலாகாது, நச்சுக் குளோரின் வாயு உண்டாகும்.

ஒருமுறை போதுமான இடத்தில் இருமுறை நீர் விட்டால், வீணாவது நம் நீரே. 2019-ஆம் ஆண்டில் பூந்தமல்லி அருகிலுள்ள செம்பரம்பாக்கம் ஏரி வறண்டதையும், ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்திற்கு ரயிலில் குடிநீர் வந்ததையும் நம் பகுதியினர் மறந்திருக்க மாட்டார்கள்.

இப்போது பாட்டி இரவு உணவுக்குப் பின் ஒரு செம்பு நீர் அருந்துகிறார். நடுவில் எழுந்தாலும் எவர் துணையையும் நாடுவதில்லை.